மூன்று சென்டிமீட்டர் தெளிவு

மார்ச் 3, செவ்வாய்

லென்ஸ் வந்துவிட்டது! உடற்பயிற்சி சைக்கிள் போய்விட்டது!

மூன்றாம் மாடிப் பல் டாக்டருக்குத் தொப்பையைக் குறைக்க வேண்டும். அவர் அலமாரியில் ஒரு பழைய ஐம்பது எம்.எம். லென்ஸ் தூங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டில் சைக்கிள் தூங்கிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் நின்று பேசினோம், கை மாற்றிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் எதிராளியை ஏமாற்றிவிட்ட சந்தோஷம். என் வீட்டில் இவருக்கு மட்டும்தான் வருத்தம்.

"அப்போ ஈரத் துண்டை இனிமே எங்க காயப் போடறது?"

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இவர் அந்த சைக்கிளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி இது.

லென்ஸ் முழுக்க இரும்பும் கண்ணாடியும். கையில் வைத்தால் எடைக்கல் மாதிரி கனக்கிறது. உள்ளே மோட்டார் கிடையாது. தானாக ஃபோகஸ் ஆகாது. வளையத்தை நாமே திருப்பித் தேட வேண்டும். வாய் ஒன் பாயிண்ட் டூ வரை திறக்கும். அவ்வளவு அகலமாகத் திறந்தால் இருட்டறையில்கூட வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை: ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் முகத்தில் மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவு. அதற்கு முன்னும் மங்கல், பின்னும் மங்கல். கண் தெளிந்தால் காது காணாமல் போகும். மூக்கு தெளிந்தால் கண் போய்விடும்.

இவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது நாற்பது படம் எடுத்தேன். மூன்று தேறியது. அதில் ஒன்றில் தெளிவாக இருப்பது காது மடலில் ஒட்டிய சோப்பு நுரை மட்டும். இவர் அதைப் பார்த்துவிட்டு, "என் நுரைகூட என்னை விட அழகா இருக்கு" என்றார்.

நாள் முழுக்க எக்ஸ்ரே அறையில் எலும்பு, நகம், விழுங்கிய ஊசி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் காட்டுகிற வேலை எனக்கு. அதனால்தானோ என்னவோ, ஒன்றை மட்டும் காட்டிவிட்டு மற்றதை வெண்ணெயாக உருக்கும் இந்தக் கண்ணாடி மேல் இப்படிப் பைத்தியம் பிடிக்கிறது.

மார்ச் 5, வியாழன்

நாற்பதில் ஐந்து!

மார்ச் 8, ஞாயிறு

இன்று ஒன்று பிடிபட்டது. இத்தனை நாள் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஆள் அசைவார், நான் திருப்புவேன், அவர் மறுபடி அசைவார் — கண்ணாமூச்சி. வளையத்தை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும்! தெளிவு ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு போல என் முன்னால் நிற்கிறது. அதை நான் சுமந்துகொண்டு போய் ஆளின் கண்மேல் வைக்கிறேன். வியூஃபைண்டரில் இமை முடி சட்டென்று பளிச்சிடும் பாருங்கள் — யாரைப் பாருங்கள் என்கிறேன்? நாட்குறிப்பு இது. பரவாயில்லை, அந்த நொடிக்காகத்தான் இத்தனை ஆட்டமும். மூச்சைப் பிடித்து, க்ளிக்.

"புறா மாதிரி கழுத்தை ஆட்டறே," என்றார் இவர்.

நாற்பதில் பதினாறு. புறாவாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

மதியம் தம்பிக்கு நாலு படம் அனுப்பினேன். உடனே பதில்: "மாமா நுரை சூப்பர். அக்கா, இது இருட்டுல எடுக்குமா?"

அவன் நாடகக் குழுவுக்காம். ஊரின் பெரிய அரங்கம் வருடத்துக்கு நாலே நாலு வெளிக் குழுக்களுக்கு மேடை தருகிறது. விண்ணப்பத்தோடு ஆறு படம் கேட்கிறார்கள். போன வாரம் வந்த புகைப்படக்காரரின் கேமரா இருட்டில் ஃபோகஸ் கிடைக்காமல் முன்னும் பின்னும் தேடித்தேடிக் களைத்துவிட்டதாம். ஃப்ளாஷ் கூடவே கூடாது.

எடுக்கும் என்று பெரிய வாயாகச் சொல்லிவிட்டேன். எடுக்குமா?

மார்ச் 14, சனி

எடுக்கிறது! எடுக்கிறது! எடுக்கிறது!

முதலில் இருந்து எழுதுகிறேன், இல்லாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

தம்பிக்கு முப்பத்தொரு வயது. கார் பெயிண்ட் பட்டறையில் வேலை. பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் எங்கள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். அவன் பேசுவது எங்களுக்கு மட்டும் புரியும். குழுவில் ஏழு பேர், எல்லோரும் காது கேளாதவர்கள். நாடகம் முழுக்க சைகை மொழியில். மூன்று வருடமாக நடிக்கிறான். ஒத்திகைக்கு நான் போனது இதுதான் முதல் தடவை. 'நேரம் இல்லை' என்று எழுத வந்தேன். அது பொய். கூப்பிட்டபோது போயிருக்கலாம்.

ஒரு பழைய பள்ளிக்கூட வகுப்பறை. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. பட்டப்பகலில் கும்மிருட்டு. தரையில் வெள்ளை டேப் ஒட்டிய ஒரு சதுரம், அதுதான் லிஃப்ட். கதை இவ்வளவுதான்: காது கேளாத ஐந்து பேர் ஏறிய லிஃப்ட் நடுவில் நின்றுவிடுகிறது. விளக்கு போய்விடுகிறது. இருட்டில் மற்றவர்கள் கத்தலாம். இவர்களால் ஒருவரோடு ஒருவர் பேசக்கூட முடியாது. ஒரே ஒரு டார்ச் இருக்கிறது. அது யார்மேல் விழுகிறதோ அவர்தான் பேசலாம். டார்ச்சுக்கு நடக்கும் சண்டைதான் நாடகம்.

எனக்கு முடி சிலிர்த்துவிட்டது.

இயக்குநரும் ஐவரில் ஒருவராக நடிக்கிறார், அவரை எல்லோரும் 'மீசை' என்கிறார்கள். மேலுதட்டில் இரண்டு விரலால் இழுத்தால் அவர் பெயர். மீசையை எடுத்துப் பதினோரு வருடம் ஆகிறதாம். பெயர் அப்படியே நிற்கிறது. தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெண் நடிக்கிறாள்; கன்னத்தில் விரலைக் குத்தினால் அவள் — 'குழி'. சிரித்தால்தான் காரணம் தெரிகிறது.

லென்ஸை முழுக்கத் திறந்தேன். சதுரத்தின் ஓரத்தில் முழந்தாளிட்டு புறா வேலையை ஆரம்பித்தேன். டார்ச் தம்பி முகத்துக்குக் கீழே எரிந்தது. கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம், இமைகள் ஒவ்வொன்றாக, அதற்குப் பின்னால் உலகமே தேன் மாதிரி வழிந்து — இவ்வளவு அழகானவனா என் தம்பி?

முந்நூற்றுப் பன்னிரண்டு படம். கைவிரல் மரத்துப்போனது தெரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால். இவர் காபி கொண்டுவந்து வைத்தார், ஆறியது; எடுத்துப் போய்ச் சுட வைத்துக் கொண்டுவந்தார், மறுபடி ஆறியது. "இந்தக் காபிக்கும் ஃபோகஸ் கிடைக்கல போல" என்று தானே குடித்துவிட்டார்.

எட்டுப் படம் தேர்ந்தெடுத்தேன். எட்டிலும் கண்கள் ஊசி போல. இதுவரை நான் எடுத்ததிலேயே இவைதான் சிறந்தவை, சந்தேகமே இல்லை. தம்பிக்கு அனுப்பிவிட்டேன். ஆறு போதும் என்றார்கள். எதைக் கழிப்பது என்று அவர்கள் திண்டாடட்டும்!

மார்ச் 16, திங்கள்

பார்த்துவிட்டான். பதில் இல்லை. பட்டறையில் வேலை அதிகமாக இருக்கும்.

மார்ச் 18, புதன்

சாயங்காலம் வேலையிலிருந்து நேராக வந்தான். கையெல்லாம் வெள்ளைப் பெயிண்ட். உட்காரவில்லை. போனில் என் படத்தைத் திறந்து மேஜையில் வைத்தான். எனக்கு மிகப் பிடித்த படம். இரண்டு கண்ணும் பளபளவென்று.

"நல்லா இருக்கு இல்ல?" என்றேன்.

"கை எங்க?"

பார்த்தேன். கை இருந்தது. கண்ணுக்கு முன்னால், இரண்டு பழுப்பு மேகமாக.

"இதுல நான் என்ன சொல்லிட்டிருக்கேன்?"

எனக்குத் தெரியவில்லை.

அடுத்த படம். "இதுல?" அடுத்த படம். "இதுல?" எட்டுப் படம்.

"பாடறவனோட போட்டோல வாயை அழிச்சா போடுவே? நாங்க பேசறதே கையிலதான். அதைத்தான் அழிச்சிருக்கே." அவன் குரல் உயர்ந்தால் அவனுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நான் வேகமாக என்னவோ சமாதானம் சொன்னேன் — லென்ஸ், அப்பர்ச்சர், ஆழம் குறைவு. அவன் என் உதட்டையே பார்த்தான். பிறகு மெதுவாக, "கேமராவை விடு. உனக்கே தெரியாதே அக்கா. நேர்ல பார்த்தாலும் தெரியாது. முப்பத்தொரு வருஷமா."

போய்விட்டான்.

ஏன் தெரியாது? எழுது. யார்கிட்ட ஒளிக்கிறே இதை? அவனுக்கு அஞ்சு வயசு. பேச்சுப் பயிற்சி டீச்சர் சொன்னாங்க, கையை ஆட்ட விட்டா வாய் வராதுன்னு. அம்மா அதை வேதமா எடுத்துக்கிட்டா. சாப்பாட்டு மேஜைல அவன் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு உக்காருவான். கை வெளிய வந்தா அம்மா புறங்கைல ஒரு தட்டு தட்டுவா. அவன் பேசணும்னுதான். அடிச்சிட்டு அழுவா. எனக்கு அப்போ பத்து வயசு. அப்புறம் இருபது வயசு. அப்புறம் முப்பது. யார் என் கையைப் பிடிச்சா? நான் ஏன் கத்துக்கல? 'நான் நிறுத்தி நிதானமாப் பேசுவேன், அவனுக்கு எல்லாம் புரியும்'னு ஊரெல்லாம் பெருமை வேற அடிச்சிருக்கேனே.

அவன் பெருசா கண்ணைத் திறந்து என் உதட்டைப் படிச்சான். நான் அவனோட கையை ஒரு நாள்கூடப் படிக்கல.

மார்ச் 19, வியாழன்

கேமராப் பையைத் திறக்கவில்லை.

மார்ச் 21, சனி

வியாழன் ராத்திரியே மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். "சரி. சனிக்கிழமை வா. மறுபடி எடு" என்று பதில். என் தம்பிக்குக் கோபம் வரும், தங்காது.

இன்று மறுபடி எடுத்தேன். லென்ஸின் வாயைச் சுருக்கினேன் — நாலுக்கு; எண் கூடினால் வாய் சின்னது. ஆழம் கூடும், கையும் முகமும் சேர்ந்து தெளியும் என்பது கணக்கு. கணக்கு சரிதான், வெளிச்சம்தான் இல்லை. ஷட்டர் மெதுவாகிவிட்டது. கை அசைந்து கோடு கோடாக இழுத்துக்கொண்டது. முன்பு மேகம், இப்போது புகை. படமெல்லாம் மணல் தூவிய மாதிரி.

மீசையிடம் போனில் எழுதிக் காட்டினேன்: 'டார்ச்சோடு இன்னொரு சின்ன விளக்கு வைக்கலாமா?' அவர் எழுதினார்: 'வைத்தால் எல்லோரும் பேசலாம். அப்புறம் நாடகம் எதற்கு?'

நியாயம். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.

ஆக, முழுக்கத் திறந்துதான் ஆக வேண்டும். மூன்று சென்டிமீட்டரோ நாலோ, அதற்குள் ஒரு முகத்தையும் இரண்டு கையையும் எப்படி அடைப்பது?

மார்ச் 24, செவ்வாய்

எக்ஸ்ரே அறையில் கத்தாத குறை!

பேருந்து ஓட்டுநர் ஒருவர், மணிக்கட்டு வீக்கம். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாகச் சொல்வதைச் சொன்னேன்: "கையைத் தட்டுல படிய வைங்க. விரல் நுனியும் மணிக்கட்டும் ஒரே மட்டத்துல இருக்கணும். தூக்கினா படம் கோணிக்கும்." சொல்லி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். "என்னங்கம்மா, உடைஞ்சிருக்கா?" என்று அவர் பயந்துவிட்டார். "உங்களுக்கு ஒண்ணும் உடையல. எனக்குத்தான் உடைஞ்சுது" என்றேன். பாவம், இன்னும் பயந்துவிட்டார்.

ஒரே மட்டம்! முகமும் கையும் என்னிடமிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் இரண்டும் தெளியும். ஆழம் மூன்று சென்டிமீட்டர்தான். ஆனால் அகலத்துக்கு எல்லையே இல்லையே! முன்னால் நீளும் கையை முன்னாலிருந்து எடுத்தால் கை எனக்கு அருகே, முகம் தூரத்தில். அதையே பக்கவாட்டில் இருந்து எடுத்தால்? இரண்டும் என் தகட்டில் படியும். நடிகரை என் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. நான் திரும்பலாம். எந்தக் கை எப்போது எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தால், அதற்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

தெரிய வேண்டும். அதாவது அவர்கள் என்ன பேசப்போகிறார்கள் என்று தெரிய வேண்டும். அதாவது...

சரி. புரிகிறது. எந்தப் பக்கம் சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

மார்ச் 26, வியாழன்

தையற்கடைக்குப் போனேன். 'எனக்கு நாடக வசனம் முழுக்கக் கற்றுத் தருவீர்களா?' என்று எழுதிக் காட்டினேன். குழி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். என்னை விட நாலு வயது சின்னவள், பார்வை மட்டும் தலைமையாசிரியை. பிறகு எழுதினாள்: 'தம்பியிடம் கேட்கவில்லையா?'

'வெட்கமாக இருக்கிறது.'

கன்னம் குழிந்தது. 'செவ்வாய், வியாழன். வேலை முடிந்ததும். முகத்தையும் கொண்டு வாருங்கள்.'

முகத்தையா? புருவம் தூக்கினால் கேள்வி, சுருக்கினால் வேறு கேள்வி. உதட்டைக் குவித்தால் ஒன்று, கன்னத்தை ஊதினால் இன்னொன்று. நான் கையை மட்டும் ஆட்டினேன். அவள் என் முகத்தைக் காட்டி, சுவரைக் காட்டினாள். என் முகம் சுவர் மாதிரி இருக்கிறதாம்!

அப்படியென்றால் கண்ணை மட்டும் எடுத்தது பாதி வாக்கியம். கையை மட்டும் எடுத்தாலும் பாதி வாக்கியம்தான்.

மார்ச் 31, செவ்வாய்

இன்று 'லிஃப்ட் நின்றுவிட்டது' என்று சொன்னேன். கடைக்கு வந்திருந்த இரண்டு நண்பர்களும் குழியும் துணிக் குவியல் மேலேயே விழுந்து சிரித்தார்கள். கட்டைவிரலை ஒரு அங்குலம் தள்ளி வைத்துவிட்டேன். 'மாமியார் நின்றுவிட்டாள்' என்று ஆகிவிட்டதாம்.

ஒரு அங்குலம். இங்கேயும் அதே கதைதான்!

வீட்டில் இவரிடம் செய்து காட்டினேன். "எங்கம்மாவை நிறுத்தறதுக்கு ஒரு சைகை இருக்கா? இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே!" என்று அப்போதிலிருந்து அதையே செய்துகொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நாலு பேர் வசனம் முடிந்துவிட்டது. தம்பியின் வசனத்தைக் குழி கடைசிக்கு வைத்திருந்தாள். இன்று ஞாயிறென்றும் பாராமல் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தாள்.

கடைசிக் காட்சி. டார்ச் பேட்டரி தீரப்போகிறது. அதை வாங்கித் தன்மேல் அடித்துக்கொண்டு அவன் சொல்கிறான்: "எனக்கு இருட்டு பயம் இல்ல. வெளிச்சத்துல நீங்கள்லாம் பேசிச் சிரிக்கறீங்க. என்னன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்றீங்க. அதுதான் எனக்குப் பயம்."

'ஒண்ணுமில்ல' — உதட்டருகே விரல்களைக் குவித்து, ஊதித் தள்ளுவது போல முன்னால் விரித்துவிடுவது. உள்ளங்கையில் இருந்த தூசி பறந்து போகிற மாதிரி.

மூன்று தடவை செய்த பிறகுதான் எனக்கு உறைத்தது. 'இதை யார் எழுதினது?' என்று கேட்டேன். குழி என் கையைச் சரி செய்தாள்.

எங்கள் வீட்டு மேஜை. எங்கள் தாய்மாமா ஏதோ ஜோக் அடிப்பார், நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம், அவன் என் முழங்கையைத் தட்டி "என்ன? என்ன?" என்பான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் சொல்வேன்: ஒண்ணுமில்லடா. அப்புறம் சொல்றேன்.

எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஒரு 'அப்புறம்'கூட வந்ததாக ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 11, சனி

எதுவும் மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்!

இன்று ஒத்திகையில் நான் அவர்களுக்கு ஒரு வாக்கியம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். மீசையின் வலது கை மேலே போகும் — நான் ஏற்கெனவே இடது மூலையில். குழி இரண்டு கையையும் கன்னத்தோடு வைத்துக் கெஞ்சுவாள் — அதற்கு நேர் எதிரே போய் நிற்கலாம், கையும் கன்னமும் ஒரே மட்டம். க்ளிக். பேசுவது புரியும்போது எப்போது அமுக்க வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு உச்சி இருக்கிறது. அங்கே கை ஒரு நொடித் துளி நிற்கிறது. போன மாதம் இதே அறையில் நான் ஒரு குருடி மாதிரி அல்லவா சுட்டுத் தள்ளியிருக்கிறேன்!

கடைசிக் காட்சி வந்தது. டார்ச் தம்பி கைக்குப் போவதற்கு மூன்று வசனம் முன்பே தவழ்ந்து அவனுடைய பக்கவாட்டுக்கு வந்துவிட்டேன். அங்கிருந்து முகத்தில் பாதிதான் தெரியும். யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். ஆனால் 'ஒண்ணுமில்ல' அவன் உதட்டிலிருந்து முன்னால் போகிற சொல். பக்கத்திலிருந்து பார்த்தால் உதடு, விரல், நீட்டிய கை எல்லாம் ஒரே கோட்டில்.

அவன் கன்னத்தில் வளையத்தை நிறுத்தினேன். பிறகு தொடவே இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்தேன். நாளுக்கு ஐம்பது பேருக்குச் சொல்கிறேனே, எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: அசையாதீங்க. டார்ச் மங்கிக்கொண்டே வந்தது. இருட்டு பயம் இல்ல. சிரிக்கறீங்க. என்னன்னு கேட்டா. விரல்கள் குவிந்தன. அரை அங்குலம் முன்னால் சாய்ந்தேன். கன்னத்து ரோமம் பளிச்சென்றது. விரல்கள் விரிந்தன.

ஒரே ஒரு க்ளிக். இரண்டாவது எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

தம்பியை வீட்டுக்கு வரச் சொன்னேன். படத்தைத் திரையில் முழுதாக விரித்து வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.

பார்த்தான். கிட்டே போனான். கறுப்பு இருட்டில் ஒரு பாதி முகம், ஒரு கண், திறந்த உதடு, அதிலிருந்து கிளம்பி நீண்ட கை — விரல் ரேகை வரை தெளிவு. நகக்கண்ணில் ஒட்டிய பெயிண்ட்கூடத் தெரிகிறது. பின்னால் நின்ற மற்ற நால்வரும் கரைந்து வெறும் சாயல்கள்.

பார்த்துக்கொண்டே இருந்தவனின் கை தானாக எழுந்தது. உதட்டருகே குவிந்தது. விரிந்தது. படத்தைப் படித்துவிட்டான்! எழுத்தைப் படிக்கிற மாதிரி, வாய்விட்டுப் படிக்கிற மாதிரி.

நான் அவன் முன்னால் போய் நின்றேன். இரண்டு நாள் கண்ணாடி முன் பழகிய வாக்கியம். கையால் சொன்னேன்: "இதை நான் சொன்னேன். உனக்கு. நிறையத் தடவை."

அவன் கண் கலங்கினான் என்று எழுத ஆசை. உண்மையில் என்ன செய்தான் என்றால், என் வலது கையைப் பிடித்து, சுண்டுவிரலை உள்ளே மடக்கினான். "'நிறைய' இப்படி. நீ சொன்னது 'ஈரம்'."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. நடுவில் அழுகையாக மாறியது எப்போது என்று தெரியவில்லை. அறைக்குள் வந்த இவர், "என்ன ஆச்சு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி அவரிடம் வாயால் சொன்னான்: "அக்கா ஈரமா இருக்கா."

ஏப்ரல் 17, வெள்ளி

ஆறு படமும் விண்ணப்பமும் போய்விட்டன. மீசை ஒவ்வொரு படத்துக்கும் கீழே அதில் பேசும் சொல்லை எழுதச் சொன்னார். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆறுக்கும்!

ஏப்ரல் 29, புதன்

ஒரு தகவலும் இல்லை. பல் டாக்டரைப் படிக்கட்டில் பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். சைக்கிள்மேல் அவர் வீட்டுத் துண்டு காய்கிறதாம்.

மே 6, புதன்

கிடைச்சிடுச்சு! கிடைச்சிடுச்சு! கிடைச்சிடுச்சு!

சின்ன மேடைதான், எட்டுக் காட்சி. பெரிய மேடை வேறு குழுவுக்குப் போய்விட்டது. இருக்கட்டுமே! தேர்வுக் குழுவில் ஒருவர் மீசைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்: நாலாவது படத்தை, தம்பியின் 'ஒண்ணுமில்ல'வை, பார்த்துவிட்டு அவருடைய ஏழு வயது மகள் அந்தச் சைகையை வீடு முழுக்கச் செய்துகொண்டு திரிகிறாளாம்.

மருத்துவமனை வராந்தாவில் இரண்டு கையையும் தூக்கி விரலை உதறினேன். எங்கள் கைதட்டல் அது. 'எங்கள்' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

ஜூன் 13, சனி

மதியக் காட்சி. முதல் வரிசையில் அம்மா, இவர், நான். அம்மா வருவதற்கு முதலில் சம்மதிக்கவில்லை. "எனக்கு என்ன புரியும்? ஊமைப் படம் மாதிரி உக்காந்திருக்கணும்." மேடைக்குப் பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு குரல் இருந்தது, அதைக் கேட்டுக்கொண்டே அம்மா கையையே பார்த்தாள். கண் சிமிட்டவில்லை. மகன் நிறுத்தாமல் ஒரு மணி நேரம் பேசி அவள் பார்த்ததே இல்லை.

கடைசிக் காட்சியில் நான் கேமராவைத் தூக்கினேன். பிறகு இறக்கிவிட்டேன். அம்மா முகத்தை எடுக்கலாமா என்று ஒரு கணம். வேண்டாம்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். எல்லோரும் தம்பியைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கினாள்.

"கையைக் கட்டி வெச்சது நான்தானே?" என்றாள்.

இல்லை என்று சொல்ல முடியாது. ஆமாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

விரலில் சுற்றிய முந்தானையை அவிழ்த்துக்கொண்டே அம்மா, "அந்தத் தையக்காரப் பொண்ணு எனக்கும் சொல்லித் தருவாளா? எனக்கு அறுபத்து மூணு. விரல் மடங்குமான்னு கேளு."

"அது என்கிட்ட ஏம்மா கேக்கறே? அதோ நிக்கறா பாரு. போய்க் கேளு."

"எப்படிக் கேக்கறது?"

சொல்லிக் கொடுத்தேன். போய்க் கேட்டாள்.

ஜூன் 28, ஞாயிறு

அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. தம்பி, குழி, மீசை, நாங்கள் இரண்டு பேர். கேமராவை எடுத்துப் போகவில்லை. இரண்டு கையும் வேண்டியிருந்தது.

சாப்பாடு ஆறிவிட்டது, பேசிக்கொண்டே சாப்பிட முடியாது என்பது இப்போதுதான் எங்களுக்கு உறைக்கிறது. இவர் ஜோக் அடித்தார், கையால், தப்பாக. அது இவர் நினைத்ததைவிட நல்ல ஜோக்காக ஆகிவிட்டது.

அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் தம்பியின் தோளைத் தட்டினாள். வாயை இறுக மூடிக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக யோசித்து மடக்கி, தானே ஒரு கேள்வி கேட்டாள்: "உன் வேலை — என்ன — செய்வே?"

பன்னிரண்டு வருடமாக அவன் அந்தப் பட்டறைக்குப் போகிறான். அவன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பதில் சொல்ல இருபது நிமிடம் ஆயிற்று. அம்மாவுக்குப் புரியாத இடத்தில் நிறுத்தினான், மறுபடி சொன்னான். அடிபட்ட காரின் கதவு எப்படி வரும், பழைய நிறத்தோடு புதியதை எப்படிச் சேர்ப்பது, வெயிலில் ஒரு மாதிரியும் நிழலில் வேறு மாதிரியும் ஏன் தெரியும். எல்லோரும் வெள்ளை சுலபம் என்று நினைப்பார்களாம், வெள்ளைதான் கஷ்டமாம்.

வெள்ளையில் மட்டும் என் தம்பிக்குப் பதினோரு வகை தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை வைத்திருக்கிறான். நாலு வரை கற்றுக்கொண்டோம்.